உஷார்! கைநாட்டு வைக்கும் முன் அந்தப் பத்திரத்தை வாசிக்கச் சொல்லுங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி பக்கம் உங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா, அப்பத்தா, தாத்தா யார் இருந்தாலும் சரி, இதை அவர்களை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். அடுத்த வளர்பிறை முகூர்த்தம் வருவதற்குள் வாசித்துக் காட்டுங்கள். ஏனென்றால் முகூர்த்த நாளில்தான் இது நடக்கிறது.

நல்ல நாள் என்றால் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கிறார்கள். வாசலில் கார்கள், பத்திர எழுத்தர் கடையில் கூட்டம், கையில் கவர் வைத்துக்கொண்டு போனில் பேசும் தரகர்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஓர் ஓரமாகப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் வெளுத்த சேலையோடு ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். மடியில் மஞ்சப்பை, பைக்குள் ஆதார் அட்டை. எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். “பட்டா பேரு மாத்தணும்னான்” என்பார். “லோனுக்கு ஒரு கையெழுத்தாம்” என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் அப்படி உட்கார்ந்திருந்தது எங்கள் பெரியம்மா. அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கிராமம். இரண்டரை ஏக்கர் கரிசல் புஞ்சை, ஓர் ஓட்டு வீடு. பெரியப்பா சீமைக்கருவேல விறகு வெட்டி, கரிமூட்டம் போட்டுச் சேர்த்த காசில் பெரியம்மா பெயரிலேயே வாங்கியது. மகன் திருப்பூரில். விடிகாலையில் கார் வைத்துக்கொண்டு வந்தான். “ஆத்தா, ஒன் பேர்ல கெடந்தா எனக்கு பேங்குல எதுவும் நடக்க மாட்டேங்குது. ஒரு கையெழுத்துதான், மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்” என்றான். எனக்கும் போன் வந்தது: சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும், அருப்புக்கோட்டையில்தானே இருக்கிறாய் என்று. போனேன். ஆறு பக்கப் பத்திரம். எங்கே கையெழுத்து என்று கேட்டேன், பென்சிலால் குறி போட்டிருந்த இடத்தைக் காட்டினார்கள், போட்டேன். அதற்கு மேல் ஒரு வரி வாசிக்கவில்லை.

உள்ளே பெரியம்மாவின் விரலை ரேகை மெஷினில் வைத்தார்கள். விழவில்லை. முப்பது வருடம் கரி அள்ளிய விரல். ரேகை தேய்ந்து போயிருந்தது. ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைத்தார்கள். விழவில்லை. மூன்றாவது தடவையும் மெஷின் மறுத்தது. மகன் அந்த விரலைப் பிடித்து அழுத்தினான், நான் பக்கத்தில் நின்றேன். நாலாவது தடவை விழுந்தது. அதிகாரி முறைப்படி கேட்டார்: “எழுதிக் கொடுக்கச் சம்மதமாம்மா?” பெரியம்மா அதிகாரியைப் பார்க்கவில்லை. மகன் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார். பத்து நிமிடத்தில் முடிந்தது. திரும்பும் வழியில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான்.

நாலு மாதத்தில் புஞ்சை கைமாறி முள்கம்பி வேலி விழுந்தது. அடுத்து, நாலு மாதத்துக்கு ஒருமுறை பெரியம்மா கணக்கில் விழுந்துகொண்டிருந்த பி.எம். கிசான் 2,000 ரூபாய் நின்றது. நிலம் பெயரில் இல்லாதவருக்கு அது கிடையாது. அதற்கப்புறம் வீட்டையும் விலை பேசிவிட்டு, “திருப்பூருக்கு வந்துரு” என்றான். ஒற்றை அறையில் மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் ஏழு வாரம் இருந்தார். இப்போது பத்திரத்தில் ஒரு சென்ட்கூட எழுதப்படாத இரண்டு மகள்களும் பதினைந்து நாள் முறை வைத்துக் கஞ்சி ஊற்றுகிறார்கள்.

அப்புறம்தான் நகல் எடுத்து அந்த ஆறு பக்கத்தையும் வாசித்தேன். தான செட்டில்மெண்ட் பத்திரம். ‘அன்பினாலும் அபிமானத்தினாலும்’ எழுதிக் கொடுத்ததாகத் தொடங்குகிறது. ‘இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று போகிறது. ‘எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய மாட்டேன்’ என்று முடிகிறது. பெரியம்மாவுக்குச் சோறு போடுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசிவரை அந்த வீட்டில் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. நம் ஊரில் எழுதப்படும் செட்டில்மெண்டுகளில் பெரும்பாலும் இதே வாசகம்தான் இருக்கும். இது பத்திரக் கடையில் வழிவழியாக வருகிற அச்சு. யாரும் மாற்றச் சொல்லிக் கேட்பதில்லை.

இன்று முதல் என்ற அந்த இரண்டு வார்த்தையைப் பாருங்கள். “எனக்கப்புறம் எல்லாம் ஒனக்குத்தானடா” என்று நம் பெரியவர்கள் வாயால் சொல்வது ஒன்று, கைநாட்டு வைப்பது வேறொன்று. தனக்கப்புறம் சேர வேண்டும் என்றால் அதற்குப் பெயர் உயில். செட்டில்மெண்ட் என்றால் இந்த நிமிடமே சொத்து போய்விட்டது. நாளை காலை அதே வீட்டுத் திண்ணையில் நீங்கள் உட்காருவது பிள்ளையின் தயவில்.

சரி, வேண்டாம் என்றால் ரத்து செய்துகொள்ளலாமே என்று நினைக்கிறார்கள். முடியாது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இன் 126-ஆவது பிரிவின்படி, ரத்து செய்வதற்கான நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தாலொழிய, அல்லது ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று நிரூபித்தாலொழிய, கொடுத்த தானம் கொடுத்ததுதான். எழுதிக் கொடுத்தவர் மட்டும் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதிய முடியாது என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்ப்பே சொல்லிவிட்டது. அந்த வழக்கும் தூரத்தில் இல்லை, தேவகோட்டைப் பக்கத்து வழக்கு.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், இந்த வானம் பார்த்த பூமிக்கு விலை வந்துவிட்டது. எங்கள் சிறுவயதில் இந்தப் புஞ்சையை யாரும் எழுதிக் கேட்டதில்லை. மழை பெய்தால் பருத்தி, சோளம், மல்லி, பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். அதற்காக யார் அப்பனிடம் சண்டை போடுவான்? மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலை அருப்புக்கோட்டை வழியாக வந்தது. ரோட்டோரப் புஞ்சை பிளாட் ஆனது. பக்கத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. முள்ளுக்காடும் பேசிய விலைக்குப் போகும் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டுத் திட்டம் என்றால் பட்டா, பேங்க் கடன் என்றால் பத்திரம். வெளியூரில் வாடகைக்குக் கிடந்து, ஸ்கூல் பீஸுக்கு அல்லாடும் பிள்ளைக்கு ஊரில் கிடக்கும் அப்பன் நிலம் கண்ணில் படத்தான் செய்யும். அவன் கஷ்டம் பொய்யில்லை. என் பெரியம்மா மகனும் ராட்சசன் இல்லை. கடன் கழுத்தை நெரித்தது. ஆனால் நல்ல பிள்ளைக்கும் கடன் வரும். நல்ல பிள்ளையும் இளவயதில் செத்துப்போவான்; அப்போது சொத்து மருமகள் கைக்கும் பேரன் கைக்கும் போகும், பெற்ற தாய் பல வாரிசுகளில் ஒருத்தியாக வரிசையில் நிற்பாள். பிள்ளை நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியையே விடுங்கள்.

இன்னொன்றைச் சொல்லக் கூசுகிறது. நம் மாவட்டத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சொல் ஒன்று இருக்கிறது: தலைக்கூத்தல். படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து வழியனுப்புவது என்று மெல்லிய குரலில் சொல்வார்கள். குளிப்பாட்டுவது இல்லை அது, கொலை. 2010-இன் தொடக்கத்தில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் வீட்டை விட்டுத் தப்பி உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்த பிறகுதான் வெளியுலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. தன்னை என்ன செய்யப் போகிறார்கள் என்ற பேச்சு அவர் காதில் விழுந்திருந்தது. கூடவே, தன் நிலத்தை எப்படிப் பங்கு போடுவது என்ற பேச்சும். பின்னாளில் தேசிய விருது வாங்கிய ‘பாரம்’ திரைப்படம் இதைத்தான் எடுத்துப் பேசியது. எல்லா வீட்டிலும் இது நடக்கிறது என்று நான் சொல்லவில்லை, சொன்னால் பாவம். ஆனால் அந்தப் பெரியவர் காதில் அந்த இரண்டு பேச்சும் சேர்ந்தே விழுந்தன என்பதை மறக்காதீர்கள். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் ‘அவங்க வீட்டு விஷயம்’ என்று கதவைச் சாத்தாதீர்கள். 112-க்கு அடியுங்கள்.

திருச்சுழி என்றால் ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவர் தாய் அழகம்மாள் 1892-இல் கணவரை இழந்தவர். 1916-இல் திருவண்ணாமலைக்குப் போய், எல்லாவற்றையும் துறந்துவிட்ட மகனோடு சேர்ந்தார். 1922-இல் உயிர் பிரியும்வரை மகன் அவர் நெஞ்சிலும் தலையிலும் கை வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லாத மகன் தாயைக் கடைசிவரை பார்த்தார். அப்படிப்பட்ட பிள்ளைகள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் காலையில் கார் வைத்துக்கொண்டு வந்து முகூர்த்தத்துக்குள் கையெழுத்து கேட்பதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? முதலில், உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் போதும். அந்தச் சாட்சிகள் சொத்து வாங்குகிறவர்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது. பின்னால் கைநாட்டு பொய் என்று யாரும் அவ்வளவு எளிதில் கிளப்ப முடியாது. உயிலின் பெரிய பலம், உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

உயிலில் மனைவியை மறந்துவிடாதீர்கள். மகனுக்கு இவ்வளவு, பேரனுக்கு இவ்வளவு என்று எழுதும் பல ஆண்கள், நாற்பது வருடம் கூட இருந்தவளுக்கு ‘பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டுவிடுகிறார்கள். அவள் ஆயுள் உள்ளவரை வீடு அவளுக்கு என்று ஒரு வரி போதும். மகள்களையும் மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது. ‘நகை போட்டாச்சு’ என்ற பேச்செல்லாம் கோர்ட்டில் நிற்காது. அவசரமாக மகன் பெயருக்கு எழுதி வாங்கும் செட்டில்மெண்டுகளில் பல, அந்தப் பெண்பிள்ளைகளை ஒதுக்குவதற்காகவே நடக்கின்றன.

செட்டில்மெண்ட் எழுதியே ஆக வேண்டும் என்ற நிலைமை சில வீடுகளில் வரும். அப்போது கடை அச்சு வாசகத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘என் ஆயுள் உள்ளவரை நானே குடியிருந்து அனுபவித்து, என் காலத்துக்குப் பின் உனக்கு’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘உணவு, உடை, இருப்பிடம், வைத்தியம் கொடுக்கத் தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு’ என்று எழுதச் சொல்லுங்கள். நான் இருக்கும்வரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் முகம் சுளிக்கலாம், பிள்ளை ‘என்னை நம்பலையா?’ என்று கண் கலங்கலாம். கலங்கட்டும். நம்பிக்கையான பிள்ளைக்கு அந்த மூன்று வரியால் ஒரு நஷ்டமும் இல்லை.

அந்த வரிகள் எவ்வளவு கனமானவை என்பதற்குக் கோர்ட்டைப் பாருங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆவது பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம் என்கிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி நிபந்தனை இருந்ததைக் காட்டாவிட்டால் இந்தப் பிரிவு கைகொடுக்காது என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதே வருடம் நாகப்பட்டினம் வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமும் என்று எழுதியிருந்தாலே அதற்குள் பராமரிப்பு நிபந்தனை அடக்கம் என்றது. காற்று நம் பக்கம் வீசுவது போலத் தெரிகிறது. ஆனால் எண்பது வயதில் டெல்லிவரை வழக்கு நடத்த யாருக்குத் தெம்பு இருக்கிறது? எழுதும் அன்றே நிபந்தனையை எழுதிவிட்டால் இந்த அலைச்சலில் பாதி மிச்சம்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டு இதை வாசிக்கிறீர்களா? கையை விரிக்காதீர்கள். இதே சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அருப்புக்கோட்டையிலேயே அலுவலகம் இருக்கிறது, திருச்சுழிக்காரர்களும் அங்கேதான். வக்கீல் இல்லாமல் நீங்களே கொடுக்கலாம், நம்பிக்கையானவர் உங்களுக்காகக் கொடுக்கலாம். சொத்து எழுதிக் கொடுத்தவர்தான் என்றில்லை, எதுவுமே இல்லாதவரும் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய்வரை உத்தரவிட சட்டம் இடம் தருகிறது. முதியவரைக் கைவிட்டுப் போவதே குற்றம், மூன்று மாதம்வரை சிறை. 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். கோர்ட்டுக்கே போக வேண்டியிருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் இலவசச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100-இல் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

கையில் கொஞ்சம் காசு புழங்கினால் கையெழுத்துக்கு அவ்வளவு சீக்கிரம் யாரும் மசிய மாட்டார்கள். அரசு முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய். அதை வைத்து மாத்திரை வாங்கலாம், குடும்பம் நடத்த முடியாது. நிலம் விற்ற காசோ பணி ஓய்வுக் காசோ மொத்தமாக வந்தால், ஆள் தேடி வந்து ‘மாதம் மூணு வட்டி’ என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். தபால் ஆபீசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதம் தருகிறது. ஒரு லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2,050 ரூபாய் கணக்கில் விழும். அசலும் உங்கள் பெயரில் இருக்கும். நாற்பதைத் தாண்டாத நெசவாளிகள், மில் தொழிலாளிகள், இதை வாசிக்கும் தம்பி தங்கைகள் அடல் பென்ஷனில் சேருங்கள். அறுபதுக்கு மேல் மாதம் 5,000 வேண்டும் என்றால் பதினெட்டு வயதில் சேர்ந்தவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். நாற்பதில் சேர்ந்தால் 1,454. தள்ளிப்போட்டதன் விலை அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிறது.

பெரியம்மாவிடம் கோட்டாட்சியர் மனுவைப் பற்றிப் பேசிப் பார்த்துவிட்டேன். “பெத்த பிள்ளை மேல பெட்டிஷனா? ஊரு காறித் துப்பாதாய்யா?” என்றார். வீடு இன்னும் கிரயமாகவில்லை. அதையாவது மீட்கலாம் என்று சொன்னேன். பேசாமல் இருந்தார். வெகுநேரம் கழித்து, “அன்னைக்கு அந்தப் பேப்பர்ல என்னதான்யா எழுதியிருந்துச்சு?” என்று கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மனுவை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து முதலில் அந்த ஆறு பக்கத்தையும், அப்புறம் மனுவையும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்துக் காட்டினேன். இரண்டையும் வாங்கி மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் கைநாட்டு வைக்கவில்லை.